சின்ன அடிதான் ஜெயிக்கும்!

போடிநாயக்கனூரில் பொழுது விடிவதற்கு முன்பே ஜீப்புகள் புறப்பட்டு விடுகின்றன. ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு அவை மலை ஏறுகின்றன. கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் போடிமெட்டு. அதற்கு அப்பால் கேரள எல்லை. எங்கே பார்த்தாலும் ஏலச் செடிகள். இன்னும் மேலே போனால் தேயிலைத் தோட்டங்கள். அதற்கும் அப்பால் மூணாறு.

அந்த மூணாறில் ஹைரேஞ்ச் கிளப் என்று ஒரு கிளப் இருக்கிறது. வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்கள் காலத்தில் ஏற்பட்டது. அதற்கு ஒரு கோல்ப் மைதானம் உண்டு. அங்கே 9 குழிகள். தமிழ்நாட்டுப் பக்கம் கொடைக்கானலில் இன்னொரு கோல்ப் மைதானம் இருக்கிறது. அந்தக் கிளப் 1895-ம் ஆண்டில் தொடங்கியது. அங்கே 18 குழிகள்.

கோல்ப் ஆட்டத்தை வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? ஒருவர் நீண்ட மட்டையை ஓங்குகிறார். "விர்" என்று பந்து பறக்கிறது. "அடேயப்பா! எவ்வளவு தூரம்!" என்று எல்லோரும் வாயைப் பிளக்கிறார்கள்.

புதிதாக ஆட வருபவரும் அதைத்தான் பார்க்கிறார். தாமும் அப்படி அடிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். மாதக் கணக்கில் ஓங்கி ஓங்கி அடிக்கிறார். தோள் வலிக்கிறது. ஆட்டம் மட்டும் முன்னேறவில்லை.

காரணம் என்ன? அவர் பாடத்தைத் தலைகீழாகப் படிக்கிறார். கோல்ப் ஆட்டத்தில் கூட்டம் கைதட்டுவது தூர அடிக்கு. ஆட்டத்தை ஜெயித்துக் கொடுப்பதோ குழிக்குப் பக்கத்தில் அடிக்கும் சின்ன அடி!

பாதி கணக்கு எங்கே?

ஆட்டத்தின் விதி மிகவும் எளிது. ஓர் இடத்திலிருந்து பந்தை அடித்து, தொலைவில் இருக்கும் குழியில் விழச் செய்ய வேண்டும். குறைந்த அடிகளில் முடித்தவரே ஜெயித்தவர். குழியின் அகலம் 108 மில்லி மீட்டர். நான்கே கால் அங்குலம்தான். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய வழவழப்பான புல்தரை இருக்கும். அதற்குப் பெயர் கிரீன்.

பெரிய மைதானத்தில் 18 குழிகள். தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் எல்லாக் குழிகளையும் முடிக்க இத்தனை அடி என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான மைதானங்களில் அது 72 அடி, அல்லது அதற்குச் சற்றுக் குறைவு. அந்தக் கணக்கிலே ஒவ்வொரு கிரீனிலும் பந்தை உருட்டுவதற்கு 2 அடிகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. 18 குழிகளுக்கு 36 அடிகள்.

72-ல் 36 என்றால் சரிபாதி! தேர்ந்த ஆட்டக்காரருக்கே இப்படி. புதியவருக்கோ பந்து கிரீனுக்குப் பக்கத்தில் வந்த பிறகு இன்னும் அதிக அடிகள் ஆகும். அங்கே தட்டி, இங்கே தட்டி, தாண்டிப் போய், திரும்பி வந்து என்று நாலைந்து அடிகள் வீணாகிவிடும்.

200 கெஜம் பறந்த அடியும் ஓர் அடி. இரண்டு விரற்கடை உருண்ட அடியும் ஓர் அடி. எழுதுகிறவர் இரண்டையும் "ஒன்று" என்றுதான் எழுதுகிறார்! தூரத்தைக் கடந்து வந்துவிட்டுக் குழிக்குப் பக்கத்தில் கோட்டை விடுவது, வெண்ணெய் திரளும்போது தாழியை உடைத்த கதைதான்.

ஓர் அடியில் போன பதக்கம்

ஓர் அடியின் மதிப்பை இந்தியாவே ஒரு தடவை உணர்ந்தது. 2021-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். டோக்கியோ ஒலிம்பிக் போட்டி. பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக் என்ற 23 வயதுப் பெண் கோல்ப் ஆடினார். அவருடைய தாயாரே மகளின் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடந்தார்.

அதிதி பந்தை வெகுதூரம் அடிப்பவர் அல்ல. அவரோடு ஆடிய பலர் அவரைவிடத் தூரம் அடித்தார்கள். ஆனாலும் நான்கு நாளும் அவர் முன்வரிசையிலே நின்றார். எப்படி? குழிக்குப் பக்கத்தில் அவர் கை தப்பவில்லை. சின்ன அடிகளாலேயே உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்களுக்கு ஈடு கொடுத்தார்.

கடைசியில் அவருக்குக் கிடைத்தது 4-வது இடம். வெண்கலப் பதக்கத்துக்கும் அவருக்கும் இருந்த வித்தியாசம் ஒரே ஓர் அடி! சின்ன அடி அவரை அவ்வளவு உயரத்துக்குக் கொண்டு போனது. இன்னும் ஒரே ஓர் அடி குறைந்திருந்தால் பதக்க மேடைக்கு வழி பிறந்திருக்கும். சின்ன அடியை அலட்சியம் செய்யலாமா?

ஏலச் செடி சொல்லும் பாடம்

இந்த உண்மையை ஏலமலைப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடியிலே, தரையை ஒட்டிப் படரும் சரங்களில் காய்க்கிறது. குனிந்தும் உட்கார்ந்தும்தான் எடுக்க வேண்டும். ஒரே சரத்தில் பூவும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், விளைந்த காயும் இருக்கும். விளைந்ததை மட்டும் விரல் நுனியால் எடுக்க வேண்டும். பலம் இருக்கிறது என்று இழுத்தால் சரமே வந்துவிடும். அடுத்த தடவைக்கு வர வேண்டிய காயும் போய்விடும்.

அங்கே வேலை செய்வது தோள் அல்ல, விரல். கோல்ப் ஆட்டத்தில் குழிக்குப் பக்கத்தில் வேலை செய்வதும் அதே விரல் பதம்தான்.

மூன்று வழிகள்

பந்து கிரீனுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. என்ன செய்வது? மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, உருட்டுவது. பந்துக்கும் கிரீனுக்கும் நடுவில் ஒட்ட வெட்டிய புல் இருந்தால், பட்டர் என்ற தட்டை மட்டையை எடுத்து உருட்டிவிடலாம். இதில் ஆபத்து மிகக் குறைவு.

இரண்டாவது வழி, சிப். நடுவில் கொஞ்சம் வளர்ந்த புல் இருந்தால் இது வேண்டும். பந்து தாழ்வாக எழுந்து, அந்தப் புல்லைத் தாண்டி, கிரீனில் விழுந்து, பிறகு உருண்டு போகும். பறப்பது கொஞ்சம், உருள்வது அதிகம்.

மூன்றாவது வழி, பிட்ச். நடுவில் மேடோ பள்ளமோ மணல் குழியோ இருந்தால் இதைத் தவிர வேறு வழி இல்லை. பந்து உயரமாக எழுந்து, விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும்.

புதியவர்கள் மூன்றாவதைத்தான் முதலில் செய்யப் பார்க்கிறார்கள். உயரமாகப் போனால் அழகாக இருக்கிறது அல்லவா! ஆனால் அழகுக்கு ஆசைப்பட்டால் ஆட்டம் கெடும். உருட்ட முடிந்தால் உருட்ட வேண்டும். முடியாவிட்டால் சிப். அதுவும் முடியாவிட்டால்தான் பிட்ச். இந்த வரிசையை மனத்தில் எழுதி வைத்துக்கொண்டாலே பல அடிகள் மிச்சமாகும்.

சிப் அடிப்பது எப்படி?

வலது கைப் பழக்கம் உள்ளவருக்கு இங்கே சொல்லப்படுகிறது. இடது கைப் பழக்கம் உள்ளவர் மாற்றிக்கொள்ள வேண்டும்.

கால்களை நெருக்கமாக வைக்க வேண்டும். உடம்பின் பாரம் இடது காலில் சற்று அதிகமாக இருக்க வேண்டும். பந்து வலது காலின் பக்கம் கொஞ்சம் தள்ளி இருக்க வேண்டும். கைகள் பந்துக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். மட்டையை இறுக்கிப் பிடிக்கக்கூடாது. கோழிக் குஞ்சைக் கையில் பிடிப்பது போலப் பிடிக்க வேண்டும். பறந்துவிடவும் கூடாது, நசுங்கிவிடவும் கூடாது!

பிறகு, மணிக்கட்டை மடக்காமல் தோளிலிருந்து ஆட்ட வேண்டும். கடிகாரத்தின் தொங்கட்டான் ஆடுவது போல. பின்னால் எவ்வளவு தூரம் போகிறதோ, முன்னாலும் அவ்வளவு தூரம் போக வேண்டும்.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறுகள் இரண்டு. ஒன்று, பந்தை மேலே தூக்கப் பார்ப்பது. அப்படிச் செய்தால் மட்டை பந்தின் தலையில் பட்டு, பந்து கிரீனைத் தாண்டி ஓடிவிடும். தூக்கும் வேலை கையினுடையது அல்ல. மட்டையின் முகமே சாய்வாகச் செய்யப்பட்டிருக்கிறது. அது தூக்கிக்கொள்ளும். இரண்டாவது தவறு, பயந்துபோய்க் கடைசி நேரத்தில் வேகத்தைக் குறைப்பது. அப்படிச் செய்தால் மட்டை தரையில் குத்தி, பந்து இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டு சிரிக்கும்!

பந்து எங்கே போய் நிற்க வேண்டும் என்று பார்ப்பதற்கு முன், எங்கே விழ வேண்டும் என்று பார்க்க வேண்டும். கிரீனுக்குள் ஒரு கெஜ தூரத்தில் ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளலாம். சமமான தரையில், 8-ம் எண் இரும்பு மட்டையால் சிப் அடித்தால் பந்து ஏறத்தாழ 1 பங்கு பறக்கும், 3 பங்கு உருளும். அதிகச் சாய்வுள்ள பிட்சிங் வெட்ஜ் என்ற மட்டை என்றால் 1 பங்கு பறந்து 2 பங்கு உருளும். இந்தக் கணக்குப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தரை சாய்ந்திருந்தால்?

மலைநாட்டு மைதானத்தில் சமமான தரைக்கு எங்கே போவது? எல்லாமே ஏற்றம், இறக்கம்தான். ஆனால் அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு.

ஏற்றத்தில் கிடக்கும் பந்து உயரமாக எழும், தூரம் குறையும். ஆகவே சற்று அதிகமாக அடிக்க வேண்டும். இறக்கத்தில் கிடக்கும் பந்து தாழ்வாகப் போகும்; நிறைய உருளும். ஆகவே மெதுவாக அடிக்க வேண்டும். பந்து காலைவிட உயரத்தில் இருந்தால் இடப்பக்கம் போகும். காலைவிடப் பள்ளத்தில் இருந்தால் வலப்பக்கம் போகும். இரண்டு தோள்களையும் தரையின் சாய்வுக்கு ஏற்றபடி சாய்த்து நின்றால் மட்டை தரையில் குத்தாது. மலைச் சரிவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இப்படி நிற்பது கைவந்த கலை.

மலையில் கண் ஏமாற்றும். சுற்றிலும் உள்ள தரையெல்லாம் சரிந்திருப்பதால், கிரீனின் சரிவு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. மேடு போலத் தோன்றுவது இறக்கமாக இருக்கும்! ஆகவே ஒரே பக்கம் நின்று பார்க்காமல், குழிக்குப் பின்னால் போயும் பார்க்க வேண்டும். காலைப் பனியில் புல் ஈரமாக இருந்தால் பந்து மெதுவாக உருளும். வெயில் ஏறிய பிறகு அதே அடி தாண்டி ஓடும்.

மணல் குழியில் விழுந்தால்

மணல் குழி என்றால் புதியவர்களுக்கு நடுக்கம். உண்மையில் அது ஒன்றுதான் பந்தைத் தொடாமலேயே அடிக்கும் அடி! பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மணலில் மட்டையை இறக்க வேண்டும். மணல் தெறிக்கும். அந்த மணலோடு பந்தும் வெளியே வரும். பாதியில் நிறுத்தாமல் மட்டையை முன்னால் கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான்.

இதற்கென்றே தனி மட்டை இருக்கிறது. அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சாரசென், அடிப்பாகம் தடித்த மட்டை ஒன்றைத் தாமே உருவாக்கிக்கொண்டு போய், 1932-ம் ஆண்டு பிரிட்டிஷ் ஓபன் போட்டியில் ஜெயித்தார். அதன் பிறகு அந்த மாதிரி மட்டை உலகம் முழுவதும் பரவியது.

ஒரு விதி மட்டும் நினைவில் இருக்கட்டும். அடிப்பதற்கு முன் பந்துக்குப் பின்னால் மட்டையை மணலில் ஊன்றக் கூடாது. ஊன்றினால் தண்டனை அடிகள் சேரும். வெளியே வந்ததும் காலடி பட்ட மணலைச் சமப்படுத்திவிட்டு வருவது மரியாதை.

கடைசி உருட்டல்

கிரீனில் பந்தை உருட்டும்போது முதலில் பார்க்க வேண்டியது திசை அல்ல, தூரம். திசையில் ஒரு சாண் தவறினாலும் பந்து குழிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். வேகத்தில் தவறினால் பத்து அடி தாண்டிப் போய்விடும்.

கோலி ஆடும் பிள்ளைகள் இதை நன்றாக அறிவார்கள். குழியைப் பார்த்து, கண்ணால் அளந்து, இவ்வளவு வேகம் போதும் என்று விரலை விடுகிறார்களே, அதே அளவுதான். போடியின் தெருக்களில் கோலி ஆடிய கைக்குப் பட்டர் புதிது அல்ல.

பை சுமந்தவர்கள் ஜெயித்த கதை

"இதெல்லாம் பணக்காரர் ஆட்டம். கூலி வேலை செய்பவர் வீட்டுப் பிள்ளைக்கு இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கோல்ப் மைதானத்துக்கு நிறைய நிலம் வேண்டும், தண்ணீர் வேண்டும். ஓர் ஆட்டக்காரர் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். எல்லாம் விலை உள்ளவை. கிளப்பில் சேர்வதற்கும் பணம் வேண்டும்.

ஆனால் அந்தச் செலவில் பெரும் பங்கு தூர அடிக்கு ஆவது. சின்ன அடிக்கு வேண்டியது ஒரு மட்டை, சில பந்துகள், பத்துப் பதினைந்து கெஜம் புல்தரை. இந்த ஏழைக் கதவு வழியாகத்தான் சிலர் உள்ளே போய் அரியாசனம் ஏறியிருக்கிறார்கள்.

அலி ஷேர் என்பவர் டெல்லி கோல்ப் கிளப்பில் மற்றவர்களின் பையைச் சுமந்தவர். அவர் 1991-ம் ஆண்டு இந்திய ஓபன் போட்டியில் ஜெயித்தார். 1993-ம் ஆண்டு மறுபடியும் ஜெயித்தார். பெங்களூரில் பை சுமந்த முனியப்பா 2009-ம் ஆண்டு அதே பட்டத்தை வென்றார்.

ஸ்பெயின் நாட்டில் பெட்ரேனா என்ற கடற்கரைக் கிராமம். அங்கே ஒரு சிறுவன். பெயர் செவெ பாலெஸ்டெரோஸ். அவன் கையில் இருந்தது ஒரே ஒரு பழைய 3-ம் எண் மட்டை. அதை வைத்துக்கொண்டு கடற்கரை மணலில் உருட்டினான், தட்டினான், உயரத் தூக்கினான். ஒரே மட்டையில் எல்லா அடிகளையும் பழகினான். அந்தச் சிறுவன் வளர்ந்து 1979-ம் ஆண்டு, 22-வது வயதில், பிரிட்டிஷ் ஓபன் போட்டியில் ஜெயித்தான். குழிக்குப் பக்கத்தில் அவனைப் போலக் கற்பனையோடு ஆடியவர்கள் மிகச் சிலரே என்று உலகம் புகழ்ந்தது.

தூர அடி தேவையே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அதுவும் வேண்டும். பந்து கிரீனுக்குப் பக்கத்தில் வந்தால்தானே சின்ன அடிக்கு வேலை! ஆனால் தூரம் அடிக்க உடம்பும் வயதும் வேண்டும். சின்ன அடியைப் பத்து வயதுப் பெண் குழந்தையும் பழகலாம், அறுபது வயதுப் பெரியவரும் பழகலாம். தாத்தாவும் பேத்தியும் சமமாகப் போட்டி போடக்கூடிய இடம் அதுதான்.

என்ன செய்யலாம்?

புதிதாக ஆட வருபவர், பழகும் நேரத்தில் பாதியைக் கிரீனுக்குப் பக்கத்தில் செலவிட வேண்டும். குழியிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் மூன்றடி தூரத்தில் உருட்டிப் பழக வேண்டும். பிறகு பத்தடி. பிறகு கிரீனுக்கு வெளியே இருந்து சிப். அதன் பிறகு பிட்ச். தூர அடி கடைசியில் வரட்டும். கிரீன் இல்லாதவர்கள் ஒரு பழைய கோணிச் சாக்கை விரித்து, பத்துத் தப்படி தள்ளி நின்று, பந்து அதன்மேல் விழும்படி அடித்துப் பழகலாம். பத்துக்கு எத்தனை விழுந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கோல்ப் பந்து கல்லைப் போலக் கடினமானது. வீட்டு வாசலிலும், தெருவிலும், குழந்தைகள் நடமாடும் இடத்திலும் அடிக்கக் கூடாது.

மைதானம் வைத்திருக்கும் மலைநாட்டுக் கிளப்புகளுக்கும் ஒரு கடமை உண்டு. முழு மைதானத்தையும் திறந்துவிட வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் மாலையில், பழகுவதற்கான ஒரு கிரீனை மட்டும் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு விடலாம். பழைய மட்டைகள் மூலையில் துருப்பிடித்துக் கிடப்பதைவிட, அந்தப் பிள்ளைகளின் கையில் இருக்கட்டும். பெற்றோர்களும் ஒன்றை மறக்கக் கூடாது. பள்ளிக்கூடம் முதலில், ஆட்டம் பிறகு. படிக்க வேண்டிய நேரத்தில் பை சுமக்கப் பிள்ளையை அனுப்புவது தவறு.

போடியிலே ஏலக்காயைச் சலித்து, பருமன் பார்த்து, தரம் பிரித்து ஏலத்துக்குக் கொண்டு வருகிறார்கள். சுண்டு விரல் நுனி அளவுள்ள காய். அதுதான் ஊருக்கே சோறு போடுகிறது. மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அந்த ஊர்ப் பிள்ளை ஒன்று நாளைக்கு மட்டையைப் பிடிக்கலாம். அப்போது, "ஓங்கி அடி!" என்று யாரும் கத்த வேண்டாம். "பதமாக அடி!" என்று சொன்னால் போதும்.